விதை மாறிய நாள்

பெரியவர் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. அட்டை என்றோ போய்விட்டது. சணல் நூலால் தைத்து வைத்திருந்தார். மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, திண்டிவனத்தில் உள்ள கமிஷன் மண்டிக்கு வந்து, கணக்குப்பிள்ளையின் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம்.

"மொதல்ல எடை வரும், நான் எழுதிக்குவேன். இந்த வாட்டி எடையைக் காணோம். இன்னாத்துக்குக் காணோம்?"

2024 மாசி. மண்டிக்கு மல்லாட்டை வந்துகொண்டிருந்த நேரம். வெளியூரில் நிலக்கடலை என்பார்கள்; எங்கள் பக்கம் பேச்சில் மல்லாட்டை, மார்க்கெட் சீட்டில் மணிலா. அவர் எட்டு மூட்டைப் பருப்பு போட்டிருந்தார், மூட்டைக்கு எண்பது கிலோ. எடை போட்டதும் அவருடைய செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். பேத்தி படித்துச் சொல்வாள். முதலில் வரும் எண்ணை அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். மார்கழியில் போட்ட உளுந்துக்கும் தையில் போட்ட நெல்லுக்கும் முதலில் வந்தது எடை. இந்த முறை முதலில் வந்தது ரூபாய். எடை கடைசி வரியில் இருந்தது. பேத்தி அதுவரை படிக்கவில்லை.

மண்டிக்காரர் எனக்கு முன்னாலேயே அவரிடம் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்யா மெசேஜ் போவுது. கம்ப்யூட்டர் அனுப்புது, நான் இன்னா பண்ண முடியும்?" அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி போகவில்லை. வழக்கமான சீட்டு தவிர, சிலருக்கு மூன்று புதிய மாதிரி போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும், அந்த மூன்றையும் எழுதியவள் நான்.

எனக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். காலை ரயிலில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டினால் விழுப்புரம். அந்த வாரம் பெட்டியில் எல்லாரும் மினி டைடல் பூங்காவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்; வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் அப்போதுதான் திறந்திருந்தார்கள். எங்கள் நிறுவனம் அந்த அளவுக்கெல்லாம் பெரியதில்லை. பத்துப் பதினோரு பேர், மாடியில் இரண்டு அறை. மண்டிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். எடை மேடையிலிருந்து எடையை எடுத்து, சாக்குக் கழிவு போக்கி, கமிஷன் பிடித்து, விவசாயிக்குச் சீட்டு அனுப்புவது வரை அதன் வேலை.

அதில் ஃபீச்சர் ஃபிளாக் என்று ஒன்று உண்டு. நிரலில் ஒரு புதிய வசதியை எழுதி, அதற்கு முன்னால் ஒரு சுவிட்சைப் பொருத்தி வைப்பது. நிரல் எல்லா மண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சுவிட்சைப் போடும்வரை வசதி யார் கண்ணிலும் படாது. முதலில் ஒரே ஒரு மண்டிக்கு மட்டும் போடலாம். பிறகு நூற்றுக்கு ஐந்து பேர், இருபது பேர் என்று கூட்டலாம். கோளாறு என்றால் அந்த நிமிடமே அணைக்கலாம். இது வருமுன் நாங்கள் ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல், எல்லா மண்டியும் மூடியபின், வயிற்றில் நெருப்போடு புதிய பதிப்பை ஏற்றுவோம். திங்கள் விடியற்காலை முதல் லாரி வரும்வரை தூக்கம் இருக்காது. ஃபிளாக் வந்தபின் பகல் பன்னிரண்டுக்கு ஏற்றுகிறோம். என் தொழில் வாழ்க்கையில் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த பொருள் இதுதான்.

முறை பழையது. ஃபிளிக்கர் நிறுவனத்தின் ராஸ் ஹார்ம்ஸ், தாங்கள் இப்படித்தான் வேலை செய்கிறோம் என்று 2009 டிசம்பரில் எழுதினார். அதன்பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இதன் ஆபத்தும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம், கைவிட்ட பழைய வசதி ஒன்றின் ஃபிளாக்கைப் புதிய வேலைக்கு மறுபடி எடுத்துப் பயன்படுத்தியது. எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்ற மறந்துவிட்டார்கள். ஃபிளாக்கைப் போட்டதும் அந்த ஒரு சர்வரில் பல ஆண்டுகளாகக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் நாற்பது கோடி டாலருக்கு மேல் போனது. எங்கள் அலுவலகச் சுவரில் இதை ஒட்டியே வைத்திருக்கிறோம்: ஒரு முறை வைத்த ஃபிளாக் பெயரை எக்காலத்திலும் மறுபடி வைக்கக் கூடாது.

நாங்கள் பயன்படுத்துவது அன்லீஷ் என்ற திறமூல மென்பொருள். ஃபின் என்ற நார்வே நாட்டு விளம்பரத் தளத்தில் வேலை பார்த்தபோது ஈவார் ஓஸ்ட்ஹூஸ் தொடங்கியது. அது இரண்டு பகுதி: ஃபிளாக்குகளை வைத்திருக்கும் சர்வர் ஒன்று, நம் நிரலுக்குள் உட்கார்ந்து, 'இவருக்கு உண்டா, இல்லையா' என்று பதில் சொல்லும் லைப்ரரி ஒன்று. அந்த லைப்ரரியின் புதிய பெரும்பதிப்புக்கு மாறிய கதைதான் பெரியவரை அன்று பஸ் ஏற வைத்தது.

முந்தைய ஐப்பசியில் ஒரு சோதனை தொடங்கியிருந்தோம். சீட்டுச் செய்தியில் எதை முதலில் எழுதினால் விவசாயிக்குப் புரியும்? 'அ' மாதிரியில் மொத்தத் தொகை முதலில். 'ஆ'வில் மூட்டை விலை முதலில். 'இ'யில் எடை முதலில். பதிவு செய்த விவசாயிகளில் நூற்றுக்கு இருபது பேருக்கு மட்டும் இந்தப் புதிய சீட்டு. அந்த இருபதுக்குள் மூன்று மாதிரியும் சமமாக. மற்றவர்களுக்கு வழக்கமான சீட்டு. எந்த மாதிரிக்கு விளக்கம் கேட்டு மண்டிக்குக் குறைவாக போன் வருகிறதோ, அதை எல்லாருக்கும் வைப்பது என்று திட்டம்.

இதில் முக்கியமான நிபந்தனை, ஒருவருக்கு ஒரு மாதிரி விழுந்தால் ஒவ்வொரு முறையும் அதுவே விழ வேண்டும். அதற்கு லைப்ரரி எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. கணக்குப் போடுகிறது. ஃபிளாக்கின் பெயரையும் விவசாயியின் பதிவு எண்ணையும் ஒட்டி, முர்முர்ஹாஷ் என்ற சூத்திரத்துக்குள் போட்டால் ஒரு பெரிய எண் வரும். அதே பெயர், அதே பதிவு எண் என்றால் என்றைக்கும் அதே எண்தான் வரும். அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 00-இலிருந்து 19-க்குள் இருந்தால் அவர் இருபது சதவீதத்தில் ஒருவர். எந்த மாதிரி என்பதற்குக் கடைசி மூன்று இலக்கம்: 000 முதல் 332 வரை 'அ', 333 முதல் 665 வரை 'ஆ', அதற்கு மேல் 'இ'.

மார்கழியில் எண்ணிப் பார்த்தபோது மூன்றும் சமமாக இல்லை. நூற்றுக்கு நாற்பது பேர் 'அ', முப்பது 'ஆ', முப்பது 'இ'. முதலில் எங்கள் நிரலில்தான் பிழை என்று நினைத்து நான்கு நாள் தேடினேன். ஐந்தாம் நாள் ரயிலில், முண்டியம்பாக்கத்தில் மூடிய கேட்டுக்கு வெளியே கரும்பு லாரிகள் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு கேள்விக்கும் ஒரே எண்ணைத்தான் கேட்கிறோம். உள்ளே வந்தவர்கள் எல்லாருக்கும் கடைசி இரண்டு இலக்கம் 19-க்குள். அப்படியானால் மாதிரியை முடிவு செய்வது நூறாமிட இலக்கம் மட்டும்தான். அது 0, 1, 2, 3 என்றால் 'அ'. 300 முதல் 319 வரை எல்லாமே 333-க்குக் கீழேதானே! 4, 5, 6 என்றால் 'ஆ'. 7, 8, 9 என்றால் 'இ'. நான்கு, மூன்று, மூன்று. எல்லா விவசாயிக்கும் திறந்துவிட்டிருந்தால் பகிர்வு சமமாக இருந்திருக்கும். கொஞ்சம் பேருக்கு மட்டும் திறக்கும்போது கோணல் வருகிறது.

இதில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். மூன்றும் சமம் என்று நம்பி, வந்த போன்களை வெறும் எண்ணிக்கையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். 'அ'வுக்கு அதிக போன் வந்தது. 'அ' புரியவில்லை என்று எழுதி, அதைக் கைவிடலாம் என்று அறிக்கையும் தயாராக வைத்திருந்தேன். ஆள் அதிகம், அதனால் போன் அதிகம்; அவ்வளவுதான்.

அன்லீஷ் செய்தவர்களும் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். 2023-இல் வந்த பெரும்பதிப்புகளில் சரியும் செய்துவிட்டார்கள். நாங்கள்தான் பழைய பதிப்பிலேயே இருந்தோம். சரிசெய்த விதம் அழகானது. ஹாஷ் சூத்திரத்துக்குத் தொடக்கமாக ஓர் எண் கொடுக்கலாம். அதற்கு சீட், அதாவது விதை என்று பெயர். விதை மாறினால் அதே பெயருக்கும் அதே பதிவு எண்ணுக்கும் முற்றிலும் வேறு எண் முளைக்கும். உள்ளே யார் என்ற கேள்விக்குப் பழைய விதையையே வைத்துக்கொண்டு, எந்த மாதிரி என்ற கேள்விக்கு மட்டும் 86028157 என்ற புதிய விதையைப் போட்டார்கள். இரண்டு கேள்விக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பகிர்வு சமமாகிவிடும்.

சாயங்காலம் வீட்டில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பண்ணைக் கூலியாகப் பல வருடம் வேலை பார்த்தவர். நிலக்கடலை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து எங்கள் ஊர்தான். குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 ரகம் 1940-இல் இங்கிருந்து போனது. புது ரகத்தைச் சோதிக்கும்போது நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று குலுக்கிப் போடுவார்கள். மேட்டுப் பாத்தி எல்லாம் ஒரே ரகத்துக்குப் போய்விடக் கூடாதே. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் வகுத்த முறை அது. அப்பாவுக்கு ஃபிஷரைத் தெரியாது. முறை தெரியும்.

"ஒரு ரெப்புக்கு எடுத்த சீட்டை அடுத்த ரெப்புக்கும் வெச்சிக்கக் கூடாது. திரும்பக் குலுக்கணும். இல்லன்னா அந்த ரகம் எல்லா ரெப்புலயும் வாய்க்கா ஓரமாவே குந்திக்கும்" என்றார். ரெப் என்றால் ரெப்ளிகேஷன். நான் நான்கு நாள் தேடியதை அவர் ஒரே மூச்சில் சொன்னார். அதன்பின் இன்னொன்றும் சொன்னார், நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை: "குலுக்குறதெல்லாம் வெதைக்கிறதுக்கு முன்னாடி."

பெரும்பதிப்பு என்றால் எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. பதிப்பு எண்ணின் முதல் இலக்கம் ஏறினால், பழைய நிரல் அப்படியே ஓடும் என்று நம்பாதே என்று பொருள். லைப்ரரியோடு சேர்த்து நாங்கள் ஏற்றிய அன்லீஷ் சர்வரின் 5-ஆம் பதிப்பு அப்படித்தான் வந்தது. நோட்.ஜேஎஸ் (Node.js) 18 இருந்தால்தான் ஓடும். தரவுத்தளத்துக்குத் தானாக இருந்த கடவுச்சொல் போய்விட்டது. ஃபிளாக்குகளை நிர்வகிக்கும் பழைய ஏபிஐ முகவரி போய்விட்டது. இவையெல்லாம் சத்தம் போடும் மாற்றங்கள். ஏற்றியவுடன் திரை முழுக்கச் சிவப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம், பத்திரமாகவும் செய்தோம். சத்தம் போடுகிற மாற்றத்தை யாரும் தவறவிட மாட்டார்கள்.

லைப்ரரியில் வந்த விதை மாற்றம் சத்தமே போடவில்லை. ஒரு வரி நிரலையும் மாற்றத் தேவையில்லை. சோதனைகள் எல்லாம் பச்சை. ஏனென்றால் மூன்று மாதிரியில் ஏதாவது ஒன்று வருகிறதா என்றுதான் எங்கள் சோதனை கேட்டது, நேற்று வந்ததே இன்றும் வருகிறதா என்று கேட்கவில்லை. மாற்றக் குறிப்பில் இது இருந்தது. படித்தேன். சமமாகும் என்று படித்தேன், நாற்பது முப்பது முப்பதின் தொல்லை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் சோதனையில் ஆட்கள் இடம் மாறுவார்கள் என்பது அதே வாக்கியத்துக்குள்தான் இருந்தது. புதிய விதைக்கும் பழைய விதைக்கும் தொடர்பில்லாததால், மூன்றில் ஒருவருக்கு மட்டும்தான் பழைய மாதிரியே மறுபடி விழும். மற்ற இருவரும் மாறுவார்கள். காகிதத்தில் ஒரு நிமிடக் கணக்கு. அதை நான் போட்டுப் பார்த்தது பெரியவர் வந்து நின்றபிறகு.

மண்டியில் அவரிடம் முழுவதையும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன். மண்டிக்காரர் மேல் தப்பில்லை, எடை குறையவில்லை, சீட்டில் எழுதும் வரிசையை நாங்கள்தான் மாற்றிவிட்டோம் என்று. போனை வாங்கிக் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். 640 கிலோ. அவர் நோட்டைப் பிரித்து, முந்தைய நாள் எழுதியிருந்த ரூபாயை அடித்துவிட்டு எடையை எழுதினார்.

"சரி. நாளைக்கு எது மொதல்ல வரும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் விழுப்புரத்துக்குத் திரும்பினேன்.

சுவிட்சை அணைத்துவிடலாம் என்றார் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர். அணைத்தால் எல்லாருக்கும் வழக்கமான சீட்டு போகும்; ஏற்கெனவே மாறியவர்களுக்கு இது இன்னொரு மாற்றம். பழைய பதிப்புக்கே திரும்பலாம் என்றால் சர்வரையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. கடைசியில், அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் பதிவேட்டில் இருந்ததால், ஐப்பசியிலிருந்து யாருக்கு எந்த மாதிரி போனது என்று தோண்டியெடுத்து ஓர் அட்டவணை செய்தோம். நிரல் இனி முதலில் அட்டவணையைப் பார்க்கும். அதில் பெயர் இல்லாவிட்டால் மட்டும் லைப்ரரியைக் கேட்கும். இரவு பதினொன்றரைக்கு முடிந்தது.

புதிய பதிப்பு ஓடிய ஐந்து நாளில் சோதனையில் இருந்த அறுபத்துச் சொச்சம் பேருக்குச் செய்தி போயிருந்தது. அவர்களில் நாற்பத்தொரு பேருக்கு மாதிரி மாறியிருந்தது. இரண்டு நாளில் நாற்பத்தொருவரையும் போனில் பிடித்தேன். பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. ஏழெட்டுப் பேர் கவனித்திருந்தார்கள், கேட்கவில்லை. செஞ்சிப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மண்டியில ஏதோ மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்." பெரியவர் ஒருவர்தான் பஸ் ஏறி வந்தவர். அவர் வராமல் இருந்திருந்தால், எங்கள் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். அந்த அம்மாவின் மனதில் தராசு கொஞ்சம் சாய்ந்தே கிடந்திருக்கும்.

பங்குனியில் சோதனையை முடித்தோம். நூறு பேருக்கு எத்தனை போன் என்று சரியாகக் கணக்கிட்டபோது 'அ'வும் 'இ'யும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன, 'ஆ' பின்தங்கியது. 'இ'யை வைத்தோம். மண்டியில் நடக்கும் வாய்ச்சண்டையில் முக்கால்வாசி எடையைப் பற்றித்தான் என்பது காரணம். பிறகு அந்த ஃபிளாக்கையும் அட்டவணையையும் நிரலிலிருந்து பிடுங்கிப்போட்டோம். இப்போது எந்த லைப்ரரியின் பெரும்பதிப்பு வந்தாலும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே பதிவு எண் பட்டியலை இரண்டுக்கும் கொடுத்து, யார் யாருக்கு விடை மாறுகிறது என்று பெயரோடு எடுக்கிறோம். ஒரு பெயர் வந்தாலும் ஏற்றம் நிற்கும். ஓடும் சோதனை இருந்தால், அறுவடை முடிந்தபிறகுதான் ஏற்றம்.

அன்லீஷ் ஆவணத்தை இரண்டாம் முறை முழுதாகப் படித்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று, அந்த ஆண்டுக் கடைசியில் உதவியது. ஃபிளாக் சர்வரோடு தொடர்பு அறுந்தால் லைப்ரரி கடைசியாகத் தெரிந்த நிலையை ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேறு சொல்லாவிட்டால் அந்தக் கோப்பு இருப்பது கணினியின் தற்காலிக அடைவில். கணினி அணைந்து எழுந்தால் அது அழிந்து போகலாம். போனால் எல்லா ஃபிளாக்கும் அணைந்ததாகவே லைப்ரரி எடுத்துக்கொள்ளும். கோப்பை நிலையான இடத்துக்கு மாற்றி வைத்திருந்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி, மறுநாள் எங்கள் மாவட்டத்தின் மேலேயே நின்றது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மின்சாரம் போய் வந்து போய் வந்து, மண்டிக் கணினிகள் எத்தனை முறை அணைந்து எழுந்தனவோ தெரியாது. ஒரு மண்டியிலும் ஒரு ஃபிளாக்கும் தானாக அணையவில்லை.

2025 மாசியில் ஒருநாள் மதியம் போன் வந்தது. அந்தப் பெரியவர். என் எண்ணை அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வெள்ளம் வயலில் மணலைத் தள்ளிவிட்டதால் கால்வாசி நிலத்தில்தான் மல்லாட்டை போட முடிந்ததாம். மூன்று மூட்டை.

"மெசேஜ் வந்திருக்கு. பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கா, நானே எழுத்தக் கூட்டிப் படிச்சேன். மொதல்ல எரநூத்தி நாப்பதுன்னு இருக்குது. எடைதானே?"

"எடைதான் தாத்தா."

"எழுதிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.